நல்லி எலும்பும் நாயின் கடைவாய்ப்பல்லும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுக்கறிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சமையலுக்குக் கறி வாங்க வந்தவர்களுக்கு நடுவே தயங்கியபடி நாலைந்து பேர் நிற்பார்கள். நாய்க்கு எலும்பு வாங்க வந்தவர்கள் அவர்கள். சிலர் வீட்டில் மாட்டுக்கறி சமைத்ததே இருக்காது. நாய்க்காக மட்டும் வந்திருப்பார்கள், என்ன கேட்பது என்று தெரியாது. "அண்ணே, நாய்க்கு எலும்பு வேணும்" என்பார்கள். கடைக்காரர் வெட்டுக்கட்டைக்குக் கீழே இருக்கும் கூடையில் கையை விட்டு, வந்ததை அள்ளிப் பையில் போட்டுக் கொடுப்பார். பத்து இருபது ரூபாயோ, சும்மாவோ. எந்த எலும்பு, மாட்டின் எந்த இடத்து எலும்பு, எப்போது வெட்டியது என்று யாரும் கேட்பதில்லை.

நானும் கேட்டதில்லை. எங்கள் மணி நாட்டு நாய், அப்போது மூன்று வயது, 18 கிலோ. வாராவாரம் அவனுக்கு ஒரு நல்லி எலும்பு. மொட்டை மாடியில் போட்டுவிட்டால் இரண்டு மணி நேரம் அசைய மாட்டான். அவன் அப்படி ஆனந்தமாகக் கடிப்பதைப் பார்க்க எங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். பிறகு ஒரு நாள் அவன் சோற்றை ஒரு பக்கமாகவே மெல்வதைக் கவனித்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வாரம் கழித்து வலது கண்ணுக்குக் கீழே வீக்கம் வந்தது. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்றுதான் நினைத்தோம். கால்நடை மருத்துவர் கண்ணைப் பார்க்கவே இல்லை. நேராக மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினார். பெரிய கடைவாய்ப்பல்லின் வெளிப்பக்கம், சுவரிலிருந்து காரை பெயர்ந்ததுபோல ஒரு பாளமாகப் பெயர்ந்து போயிருந்தது. உள்ளே நரம்பு வெளிப்பட்டு, வேர் அழுகி, அந்தச் சீழ்தான் கண்ணுக்குக் கீழே வீக்கமாகத் தெரிந்தது.

"எலும்பு குடுத்தீங்களா?" என்றார். "ஆமா டாக்டர், ஆனா வேகவைக்கல, பச்சை எலும்புதான்" என்றேன், சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்ற நினைப்பில். "வேகவைக்காதது சரி. எந்த எலும்பு?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பச்சை எலும்பு கொடுக்கலாமா கூடாதா என்றுதான் எல்லோரும் விவாதிக்கிறோம். எலும்பு என்று ஒரே பொருள் இருப்பதுபோலப் பேசுகிறோம். ஒரே மாட்டுக்குள் நகத்தால் கீறினால் தடம் விழுகிற எலும்பும் இருக்கிறது, கோடாலி விழுந்தால் திருப்பித் தள்ளுகிற எலும்பும் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் அடங்கியிருக்கிறது.

முதலில் வேகவைத்த எலும்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு கால்சியம், பாஸ்பரஸ் சேர்ந்த தாதுப் பொருள். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார், கொஞ்சம் தண்ணீர். தாது எலும்புக்கு இறுக்கத்தைத் தருகிறது, கொலாஜன் நெகிழ்வைத் தருகிறது. சூடுபட்டால் கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும். சூப்பை ஆறவைத்தால் உறைந்து நிற்கிறதே, அது அப்படிக் கரைந்து வந்ததுதான். நார் போனபின் மிஞ்சுவது கண்ணாடிபோல நொறுங்கும். கடித்தால் கூராகப் பிளந்து தொண்டையில், குடலில் குத்தும். அடுப்பில் வெந்தது, தீயில் சுட்டது, வெயிலில் வாரக்கணக்கில் காய்ந்தது என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பிரியாணி எலும்பும் சூப் எலும்பும் நாய்க்கு வேண்டாம் என்பதில் கால்நடை மருத்துவர்களுக்குள் இரண்டு கருத்து கிடையாது.

பச்சை எலும்பு அப்படிக் கூராகப் பிளப்பது குறைவு. அதனால் அது பாதுகாப்பானது என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். தொண்டைக்கும் குடலுக்கும் இருக்கும் ஆபத்து குறைகிறது, உண்மைதான். பல்லுக்கு இருக்கும் ஆபத்து அப்படியே இருக்கிறது.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அவற்றில் எலும்பு கடிக்கும் வேலையைச் செய்வது பக்கத்துக்கு ஒரு ஜோடிதான்: மேல்தாடையின் நாலாவது முன்கடைவாய்ப்பல், அதற்கு எதிரே கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். இரண்டும் கத்தரிக்கோலின் இரண்டு அலகுபோல ஒன்றையொன்று உரசி இறங்கும். நாயின் தாடை நம்முடையதுபோலப் பக்கவாட்டில் அசைந்து அரைக்காது. மேலும் கீழும் மட்டும்தான் போகும். கறியை, தோலை, ஜவ்வை அறுக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் கத்தரிக்கோலால் இரும்புக் கம்பியை வெட்டப் போனால் என்ன ஆகும்? நல்லி எலும்பு அந்த அலகுக்கு நடுவே சிக்கும்போது, முழு அழுத்தமும் மேல் பல்லின் வெளிச்சுவரில் ஆப்புபோல இறங்கும். சுவர் பெயர்ந்துவிடும்.

பல்லின் எனாமல் எலும்பைவிடக் கெட்டியானதாயிற்றே, எப்படி உடைகிறது என்று எனக்கும் சந்தேகம் வந்தது. கெட்டியானதுதான், ஆனால் நெகிழாது. பீங்கான் தட்டு மரப்பலகையைவிடக் கெட்டி. இரண்டையும் கீழே போட்டால் உடைவது தட்டுதான். அதோடு நாயின் எனாமல் மிகவும் மெல்லியது. நம் கடைவாய்ப்பல்லில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேலும் எனாமல் இருக்கும். நாய்க்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உடைந்த அந்த மேல் பல்லுக்கு மூன்று வேர்கள். முழு மயக்கம் கொடுத்து, பல்லை மூன்றாக அறுத்து, ஒவ்வொரு வேரையும் தனித்தனியாகத் தோண்டி எடுக்க வேண்டும். மணிக்கு அப்படித்தான் எடுத்தார்கள்.

இனி எலும்பின் பக்கம் வருவோம். நல்லி எலும்பு என்பது மாட்டின் கால், தொடை எலும்புகளின் நடுக்குழாய். உள்ளே மஜ்ஜை, சுற்றிலும் விரல் தடிமனுக்கு வரக்கூடிய இறுக்கமான எலும்புச் சுவர். மாட்டின் உடம்பிலேயே மிகவும் அடர்த்தியான எலும்புகளில் ஒன்று இது. 400 கிலோ உடம்பை நாலு காலில் தாங்குகிற தூண் அது. எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கேற்ப இறுகும் என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் விளக்கி எழுதினார். இன்றும் அது அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. வண்டி இழுத்து, ஏர் ஓட்டி, சேற்றில் இறங்கி வேலை செய்த மாட்டின் கால் எலும்பை இந்தக் கணக்கோடு நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. நாய்க்கு எலும்பு கொடுப்பதைப் பற்றி நாம் வாசிக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வருகிறது. அங்கே கறிக்கென்றே வளர்க்கும் இளங்காளைகளைப் பெரும்பாலும் இரண்டு வயது வாக்கில் வெட்டிவிடுவார்கள். அந்த வயதில் தொடை எலும்பின் முனை நடுக்குழாயோடு இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது. வளர்ச்சிக்கான குருத்தெலும்பு நடுவில் இருக்கும். அது மூடிக்கொள்ள நாலு வயது வாக்கில் ஆகும். மூட்டிலும் குருத்தெலும்பு தடிமனாக இருக்கும். அவர்கள் "மாட்டு எலும்பு" என்று சொல்வது இந்த இளசான எலும்பை.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டியது, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் இனி உதவாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம். காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிப்போன மாட்டுக்கும் சான்று தரலாம். எருமைக்கும் இதே சட்டம்தான். ஆக, கடைக்கு வருவது பால் வற்றிய எருமையும் வேலை ஓய்ந்த மாடும். வளர்ச்சி எப்போதோ முடிந்து, பல ஆண்டுப் பாரம் ஏறி இறுகிய எலும்பு. சட்டத்தின் சரி தவறுகளுக்குள் நான் போகவில்லை. நாயின் பல்லைப் பொறுத்தவரை அதன் விளைவு இதுதான்: வெளிநாட்டுக் குறிப்பில் "ஓரளவு பாதுகாப்பானது" என்று போட்டிருக்கும் எலும்பு, நம் கடைக் கட்டையில் இன்னும் ஒரு படி கெட்டியாகத்தான் கிடைக்கும். அங்கே ஆபத்தானது என்று சொல்லப்பட்டது இங்கே கட்டாயம் ஆபத்தானது.

இன்னொரு வேறுபாடு வெட்டும் விதம். அங்கே எலும்பை மின்ரம்பத்தால் அறுக்கிறார்கள், ஓரம் ஒரே சீராக வரும். நம் கடைகளில் புளியமரக் கட்டைமேல் வைத்துக் கத்தியாலோ கோடாலியாலோ போடுகிறார்கள். கறிக்கு அது போதும். ஆனால் தடித்த எலும்பு அடிபட்டு உடையும்போது நீள வாக்கில் விரிசல் ஓடும், ஓரத்தில் சிராய் நிற்கும். வெந்த எலும்பு பிளப்பதற்கும் இதற்கும் நாயின் வாயில் பெரிய வித்தியாசம் இருக்காது. பச்சை எலும்பு பிளக்காது என்ற நம்பிக்கை கோடாலியடி படாத எலும்புக்குத்தான் பொருந்தும். அதனால் கடையில் நான் முதலில் சொல்வது, "வெட்டாதீங்க அண்ணே, முழுசா குடுங்க."

எலும்பு கடிப்பதால் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. 2016இல் பிரேசில் ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எட்டு வளர்ந்த பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டுத் தொடை எலும்பைக் கடிக்கக் கொடுத்தார்கள். எலும்பின் கெட்டியான நடுக்குழாயையும், முனையிலிருக்கும் பஞ்சுபோன்ற பகுதியையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். தொடக்கத்தில் பற்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குக் காறை படிந்திருந்தது. மூன்று வாரத்துக்குள் அதில் பெரும்பகுதி போய்விட்டது. அந்த நாட்களில் பல் உடைவோ குடல் அடைப்போ ஏற்படவில்லை என்றும் பதிவு செய்தார்கள். எலும்பு கொடுப்பவர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான், காட்டுவதில் தவறில்லை. ஆனால் எட்டு நாய்கள், சில வாரங்கள் என்ற அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மணியும் முதல் பல மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல்தான் கடித்தான். இன்னொன்று, காறை போனதால் பல் வெளுப்பாகத் தெரியும். ஈறுக்கு அடியில் நடக்கும் நோய் அதனால் மட்டும் தீர்ந்துவிடாது. தினமும் நாய்க்கான பற்பசையால் தேய்ப்பதற்கு இணையாக எதுவும் இல்லை. (நாம் தேய்க்கும் பசையைப் போடாதீர்கள். அதில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு விஷம்.)

"காட்டில் ஓநாய் எலும்பு கடிக்கவில்லையா" என்பது அடுத்த வாதம். கடிக்கிறது. காட்டு ஓநாய்களின் மண்டையோடுகளை ஆராய்ந்தவர்கள் உடைந்த பற்களை நிறையவே பார்த்திருக்கிறார்கள். அந்த வலியோடு அவை வாழ்கின்றன, அல்லது சாகின்றன. நம் வீட்டு நாய்க்கு அந்த விதி எதற்கு? வாய் வேலை செய்ய வேண்டும், கறியை இழுத்துக் கிழிக்க வேண்டும், நேரம் போக வேண்டும் என்பதுதான் நாயின் தேவை. எலும்பைப் பிளந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் கடையில் என்ன கேட்பது?

என் முதல் தேர்வு கழுத்தெலும்பு. கழுத்து முள்ளெலும்புகள் பெரியவை. மேலே மெல்லிய ஓடு, உள்ளே பஞ்சுபோன்ற எலும்பு. இடுக்குகளில் எல்லாம் கறியும் ஜவ்வும் ஒட்டிக்கொண்டிருக்கும். நாய் அதைத் துருவித் துருவி எடுக்கத்தான் நேரம் செலவழிக்குமே தவிர, எலும்பை உடைப்பதில் முனையாது. இரண்டு மூன்று முள்ளெலும்பு சேர்ந்தாற்போல, கறியைச் சுத்தமாக வழிக்காமல் கேளுங்கள். கறி ஒட்டியிருக்கும் எலும்பில் பல் வேறு விதமாக வேலை செய்கிறது. முன்பற்களால் இழுக்கும், பக்கப் பற்களால் அறுக்கும். வழித்துப்போட்ட வெற்று எலும்பில் கடைவாயை வைத்து நெருக்குவது தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

அடுத்தது நெஞ்செலும்பு. இதில் குருத்தெலும்பு அதிகம், நறுக்கென்று கடிபடும். வயதான மாட்டில் கொஞ்சம் இறுகியிருந்தாலும் கால் எலும்பின் பக்கத்தில்கூட வராது. சின்ன வாய் கொண்ட நாய்க்கும் ஏற்றது.

மூட்டு எலும்பு, அதாவது தொடை எலும்பின் உருண்டையான முனை, பலருக்கும் பிடித்தது. குருத்தெலும்புத் தொப்பி, உள்ளே பஞ்சு எலும்பு. பெரியதாக இருப்பதால் விழுங்கவும் முடியாது. நல்லதுதான், ஆனால் ஒரு நிபந்தனை: மூட்டோடு சேர்ந்து நீளும் குழாய்ப் பகுதி இருக்கிறதே, நாய் மேல்பகுதியைத் தீர்த்துவிட்டு அதற்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். மூட்டு தீர்ந்ததும் கையில் இருப்பது நல்லி எலும்புதான்.

விலா எலும்பை அரை மனதோடு சொல்கிறேன். நிதானமாகக் கறியை உரித்துத் தின்னும் நாய்க்குச் சரி. தாடை பலம் உள்ள நாய், வயதான எருமையின் விலாவை நடுவில் முறித்தால் கூரான முனை வரும். வால் எலும்பு மென்மையானது, சின்ன நாய்க்கு ஆகும். லாப்ரடார்போல அள்ளி விழுங்கும் நாய்க்கு அது தொண்டையில் அடைக்கும் அளவு. தோள்பட்டைத் தகட்டெலும்பை விட்டுவிடுங்கள், மெல்லிய தகடு தகடாக உடையும். நல்லியை, முட்டிக்குக் கீழே உள்ள கால் எலும்பை எந்த நாய்க்கும் நான் இனி வாங்க மாட்டேன்.

குறுக்கே நறுக்கிய நல்லி வளையத்தில் இன்னொரு கேடும் இருக்கிறது. நாய் மஜ்ஜையை நக்கி எடுக்க நாக்கை விடும், தாடையை விடும். அந்த வளையம் கீழ்த்தாடையின் கோரைப்பற்களைத் தாண்டி உள்ளே நழுவி, திரும்பி வராமல் மாட்டிக்கொள்ளும். நாய் பயந்து தலையை உதறி, காலால் பிறாண்டி வாயைக் கிழித்துக்கொள்ளும். மயக்கம் கொடுத்து, வளையத்தை அறுத்து எடுப்பது கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிப்போன வேலை.

அளவுக்கு எளிய கணக்கு: நாயின் மூஞ்சியைவிட, அதாவது கண்ணுக்கு முன்னால் நீண்டிருக்கும் பகுதியைவிட, எலும்பு நீளமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். முழுதாக வாய்க்குள் போகிற எதுவும் சின்னது. கெட்டித்தன்மைக்கு உங்கள் கட்டைவிரல் நகம் போதும். நகத்தை அழுத்தினால் கொஞ்சமாவது தடம் விழ வேண்டும். பற்களைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர்கள் கடிக்கக் கொடுக்கும் எந்தப் பொருளுக்கும் சொல்லும் சோதனை இது. மேலே உள்ள ஜவ்வில் அழுத்தி ஏமாறாமல் எலும்பிலேயே அழுத்திப் பாருங்கள். கண்டிப்பாகப் பார்த்தால் பெரும்பாலான மாட்டெலும்புகள் இதில் தேறாது. நெஞ்செலும்பின் குருத்துப் பகுதி தேறும், கழுத்தெலும்பின் பஞ்சுப் பக்கம் ஓரளவு தேறும். எலும்பே வேண்டாம் என்று சொல்லும் பல் மருத்துவர்களின் நியாயம் இங்கேதான் இருக்கிறது, அதை மறைத்து நான் எழுதவில்லை.

மஜ்ஜையைப் பற்றிக் கொஞ்சம். வளர்ந்த மாட்டின் கால் எலும்பில் இருப்பது மஞ்சள் மஜ்ஜை, பெரும்பகுதி கொழுப்பு. பெரிய நல்லி ஒன்றின் மஜ்ஜையைச் சின்ன நாய் ஒரே மூச்சில் தின்றால் வயிற்றுப்போக்கு வரும். சில நாய்களுக்குக் கணையமே வீங்கிவிடும். விடாத வாந்தி, வயிற்றைத் தொட விடாமை, முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தி நிற்பது இவை அதன் அடையாளம். முன்பே கணைய அழற்சி வந்த நாய்க்கும் ரத்தத்தில் கொழுப்பு கூடிய நாய்க்கும் மஜ்ஜை கூடவே கூடாது.

சரி, கிருமி. "நாய்க்கு" என்று கேட்டால் தரையோரக் கூடையிலிருந்து எடுத்துத் தருவார்கள் என்றேன். அது காலையிலிருந்து, சில நேரம் முந்தைய நாளிலிருந்து, ஈ மொய்த்துக் கிடந்ததாக இருக்கலாம். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, நாய்க்கு அது போதும் என்றுதான் எல்லோரும் வாங்கிப் போகிறார்கள். நான் இப்போது சூப்புக்கு வாங்குவதுபோலவே கேட்கிறேன். கொக்கியில் தொங்குவதிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி, அதற்கான விலையைக் கொடுக்கிறேன். கடை திறந்ததும் போகிறேன். பத்து மணிக்கு மேல் நம் ஊர் வெயிலில் பச்சை எலும்பு வாங்குவதில் அர்த்தம் இல்லை.

புதிய எலும்பிலும் சால்மொனெல்லா, ஈகோலை போன்ற கிருமிகள் இருக்கலாம். நாயின் வயிறு அவற்றில் பலவற்றைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் நாய் எலும்பை இழுத்துப்போன தரை, அதன் வாய், அதன் மலம் எல்லாம் வழியாகக் கிருமி வீட்டுக்குள் வந்துவிடும். எலும்பு கடித்த வாயோடு குழந்தையின் முகத்தை நக்கினால்? நம் நாட்டு மாடுகளிடம் சினையைக் கலைக்கும் கன்று வீச்சு நோயும் (புரூசெல்லோசிஸ்) இருக்கிறது. அந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றி, விட்டு விட்டு வரும் காய்ச்சலாக மாதக்கணக்கில் படுத்தும். வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் பச்சை எலும்பை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

எலும்போடு சேர்த்துக் கடைக்காரர் அன்போடு ஒரு துண்டு நுரையீரலோ ஈரலோ போட்டுத் தருவது வழக்கம். அதைப் பச்சையாக நாய்க்குக் கொடுக்கவே கூடாது. மாட்டின் நுரையீரலிலும் ஈரலிலும் நீர்க்கட்டிகள் இருக்கலாம். உள்ளே இருப்பது ஒரு நாடாப்புழுவின் குஞ்சுகள். நாய் தின்றால் அதன் குடலில் சில மில்லிமீட்டர் நீளப் புழுவாக வளர்ந்து, முட்டைகள் மலத்தோடு வெளியேறும். அந்த முட்டை நம் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி வளரும், பல ஆண்டு கழித்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். நாய்க்கு ஒரு குறையும் வெளியே தெரியாது. நன்றாக வேகவைத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை. கறிக்கடை எலும்பு தின்னும் நாய்க்குக் குடற்புழு மருந்தைத் தவறாமல் கொடுப்பதும், அதில் நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டெல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பதும் அவசியம்.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. சால்மொனெல்லா குளிரில் சாகாது, தூங்கும். அதைவிட முக்கியமாக, உறைந்த எலும்பு பல்லுக்குக் கல். முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, முழுதாக இளகியபின் கொடுங்கள். நம் சமையல் பாத்திரங்களோடு சேராமல் மூடிய டப்பாவில் வையுங்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்கலாம், மூன்றாம் நாள் எறும்பும் நாற்றமும் வரும் முன்பே தூக்கிப் போட்டுவிடுவது நல்லது. தெருவில் வீசாதீர்கள், காய்ந்தபின் அது இன்னொரு நாயின் தொண்டைக்குப் போகும்.

எல்லா நாய்க்கும் எலும்பு ஆகாது. பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்க ஆறேழு மாதம் ஆகும், அதுவரை வேண்டாம். பல் தேய்ந்த கிழ நாய்க்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளதற்கும் வேண்டாம். எலும்பின் பாஸ்பரஸ் சிறுநீரகத்துக்குச் சுமை. மெல்லாமல் விழுங்கும் நாய்க்கு எந்த எலும்பும் பாதுகாப்பானது இல்லை. விழுங்கிய துண்டு உணவுக்குழாயில் இதயத்துக்கு மேலேயோ உதரவிதானத்துக்கு முன்னாலோ சிக்கிக்கொள்ளும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் தனித்தனி இடத்தில் கொடுங்கள். எவ்வளவு ஒட்டி உறவாடும் நாய்களும் எலும்புக்கு முன்னால் அண்ணன் தம்பி பார்க்காது. கடித்துக்கொண்டிருக்கும்போது குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். எலும்பைத் திரும்ப வாங்க வேண்டுமானால் பிடுங்காமல், ஒரு துண்டு வெந்த கறியைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். மணி அதற்குப் பழக ஒரு மாதம் ஆனது.

இவ்வளவு சிரமம் எதற்கு, கடையில் பாக்கெட்டில் விற்கும் பதப்படுத்திய எலும்பை வாங்கிவிடலாமே என்று தோன்றும். புகையூட்டிய, சுட்ட, சாயமேற்றிய அந்த எலும்புகள் எல்லாம் சூடு பட்டவைதான். 2010 நவம்பரிலிருந்து 2017 செப்டம்பர் வரை அத்தகைய எலும்புகளால் நாய்கள் நோயுற்றதாகத் தங்களுக்கு ஏறக்குறைய 68 புகார்கள் வந்ததாகவும், சுமார் 15 நாய்கள் இறந்ததாகத் தெரிவிக்கப்பட்டதாகவும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. குடல் அடைப்பு, மூச்சடைப்பு, வாயில் வெட்டுக்காயம், மலவாயில் ரத்தக்கசிவு எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. முடிச்சுப் போட்ட எலும்பு வடிவில் விற்பதும் எலும்பு இல்லை, மாட்டுத் தோல். ஊறி, வழவழப்பாகி, முழுதாக உள்ளே வழுக்கிப் போகும்.

எலும்பு கொடுத்த மறுநாள் மலம் சுண்ணாம்புபோல வெளுத்து, முக்கி முக்கிப் போனால் எலும்பை அதிகம் தின்றிருக்கிறது என்று பொருள். அளவைக் குறையுங்கள். மீண்டும் மீண்டும் வாந்தி, எச்சில் ஒழுகல், விழுங்க முடியாமல் கழுத்தை நீட்டுவது, வயிறு இறுகிப்போவது என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எந்த எலும்பு, எவ்வளவு பெரியது, எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று சொல்லுங்கள். மீந்த துண்டு இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். பல் உடைந்தால் மட்டும் நாய் சொல்லாது, கத்தாது, சாப்பாட்டையும் நிறுத்தாது. அதனால் இப்போதெல்லாம் மணியைக் குளிப்பாட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அவன் உதட்டை இரண்டு பக்கமும் தூக்கி, டார்ச் அடித்து, பின்னால் வரை பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன்.